கென்யத் தேயிலை வளர்ச்சி முகமை

கென்யாவின் சிறு விவசாயிகள் பறிக்கும் தேயிலைக் கொழுந்தை வாங்கி, தூளாக்கி, விற்று, பணத்தை அவர்களிடம் சேர்க்கும் அமைப்பு கென்யத் தேயிலை வளர்ச்சி முகமை (கே.டி.டி.ஏ.). 1960-ல் காலனி அரசின் சிறப்புப் பயிர் வளர்ச்சி ஆணையமாகத் தோன்றி, 1964-ல் சுதந்திரக் கென்யாவின் அரசு ஆணையமாகி, 2000-ல் விவசாயிகளின் ஆலைகளுக்குச் சொந்தமான தனியார் நிறுவனமாக மாறியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளும் ஏறத்தாழ 70 தொழிற்சாலைகளும் இன்று இதன் கீழ் வருகின்றன. ஆண்டுக்கு 50 கோடி கிலோவுக்கு மேல் விளையும் கென்யத் தேயிலையில் பாதிக்கும் அதிகமான பங்கு, ஓர் ஏக்கரை ஒட்டிய சின்னச் சின்னக் காணிகளிலிருந்து வருகிறது. கருந்தேயிலை ஏற்றுமதியில் உலகின் முதல் நாடாகக் கென்யா நிற்பது இவர்களின் உழைப்பால்தான்.

ஆப்பிரிக்க வேளாண் தொழிலில் அரசு–தனியார் கூட்டு பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் இந்த அமைப்பின் பெயர் வந்துவிடும். அரசு சட்டத்தையும் அலுவலர்களையும் கொடுத்தது. பன்னாட்டுத் தேயிலைக் கம்பெனிகள் ஆலை நடத்தும் அனுபவத்தைக் கொடுத்தன. வளர்ச்சி வங்கிகள் கடன் கொடுத்தன. விவசாயி நிலத்தையும் உடலுழைப்பையும் கொடுத்தார். இப்படி நாலு தரப்பும் கைகோத்த திட்டங்கள் ஆப்பிரிக்காவில் எத்தனையோ உண்டு. ஆலை கடைசியில் விவசாயி பெயருக்கு வந்து சேர்ந்தவை மிகச் சில. அந்த மிகச் சிலவற்றில் பெரியது என்பதுதான் கே.டி.டி.ஏ.வின் தனித்தன்மை. பெயருக்கு வந்த ஆலை கைக்கும் வந்ததா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

தோட்டங்களின் காலம்

கென்யாவில் முதல் தேயிலைச் செடி 1903-ல், நைரோபிக்கு அருகே லிமுருவில் நடப்பட்டது. செடி இந்தியாவிலிருந்து போனது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அது வெள்ளைக் குடியேறிகள் சிலரின் ஆர்வமாகவே இருந்தது. 1920-களின் நடுவில் புரூக் பாண்டும் ஜேம்ஸ் பின்லேயும் கெரிச்சோ மலைகளில் இறங்கிய பிறகுதான் தேயிலை அங்கே தொழிலானது. இரண்டும் தமிழருக்குப் பழகிய பெயர்கள். புரூக் பாண்ட் பொட்டலமாக வீட்டுக்குள் வந்தது. மூணாறின் கண்ணன் தேவன் மலைகளில் தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டு தேயிலை வளர்த்தது பின்லே குழுமம். கெரிச்சோவில் கம்பெனிகளுக்குக் கிடைத்த நிலம் கிப்சிகிஸ் மக்கள் வாழ்ந்த பூமி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம், ஆண்டு முழுக்கப் பரவலான மழை. அசாமில் குளிர்காலம் வந்தால் பறிப்பு நின்றுவிடும். கெரிச்சோவில் பன்னிரண்டு மாதமும் கொழுந்து துளிர்க்கும்.

இந்தத் தொழிலில் ஆப்பிரிக்கருக்கு இருந்த இடம் கூலியாள் என்பது மட்டுமே. தன் நிலத்தில் தேயிலை வைக்க அவருக்கு வழி திறக்கப்படவில்லை. சிறு விவசாயி விளைவித்தால் தரம் கெடும், நோய் பரவும் என்று அதிகாரிகள் காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் வேறு. சொந்தக் காணியில் காசுப்பயிர் வைத்திருப்பவர் தோட்டத்துக்குக் கூலிக்கு வரமாட்டார் என்பது குடியேறிகளுக்கு நன்றாகத் தெரியும். 1930-களில் உலக விலை சரிந்தபோது தேயிலைப் பரப்பைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் வந்தது. புதியவர் எவரையும் உள்ளே விடாமலிருக்க அதுவும் வசதியாகப் போயிற்று.

இரண்டு முன்னோடிகள்

கென்யாவில் சிறு விவசாயிகளின் தேயிலை முயற்சி தொடங்குமுன் ஆப்பிரிக்காவின் கிழக்கே அரசும் கம்பெனியும் கூடி நடத்திய இரண்டு பெருந்திட்டங்கள் இருந்தன. முதலாவது சூடானின் கெசீரா. நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் நடுவே கிடக்கும் சமவெளியில் 1911-ல் தையிபா என்னும் இடத்தில் நீரேற்றுப் பம்பு வைத்துச் சோதனையாகப் பருத்தி பயிரிடத் தொடங்கினார்கள். 1925-ல் சென்னார் அணை முடிந்ததும் அது லட்சக்கணக்கான ஏக்கர் பாசனமாக விரிந்தது. நிலத்தையும் வாய்க்காலையும் அரசு பார்த்தது. நிர்வாகத்தை சூடான் பிளாண்டேஷன்ஸ் சிண்டிகேட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி பார்த்தது. பருத்தி விற்ற பணத்தில் குத்தகை விவசாயிக்கு 40 விழுக்காடு; மிச்சத்தை அரசும் கம்பெனியும் பகிர்ந்துகொண்டன. அந்தக் காலத்துக்கு இது தாராளமான பங்குதான். ஆனால் எதை எப்போது விதைப்பது, எங்கே விற்பது என்ற எதிலும் விவசாயிக்குச் சொல் இல்லை. 1946-ல் குத்தகை விவசாயிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1950-ல் கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்து, நிர்வாகம் அரசு வாரியத்தின் கைக்கு மாறியது.

இரண்டாவது, தாங்கனீக்காவின் (இன்றைய தான்சானியா) நிலக்கடலைத் திட்டம். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் கடும் தட்டுப்பாடு. 1946-ல் யூனிலீவரின் துணை நிறுவனமான யுனைட்டெட் ஆப்பிரிக்கா கம்பெனியின் பிராங்க் சாமுவேல் ஒரு யோசனையைக் கொண்டுபோனார். காட்டை அழித்து, முப்பது லட்சம் ஏக்கருக்கு மேல், டிராக்டர் கொண்டு கடலை போடலாம் என்பது அந்த யோசனை. அரசு பணம் போட்டது, முதலில் அந்தக் கம்பெனியே முகவராக வேலையை நடத்தியது, பிறகு அரசுக் கழகம் ஏற்றுக்கொண்டது. திட்டம் தொடங்கிய கோங்குவாவின் மண் வெயிலில் செங்கல்லாக இறுகியது. போரில் மிஞ்சிய ஷெர்மன் டாங்கிகளை டிராக்டர்களாக மாற்றிக் கொண்டுவந்தும் முட்புதர்கள் அசையவில்லை. 1951-ல் திட்டத்தைக் கைவிட்டபோது 3.6 கோடி பவுனுக்கு மேல் போயிருந்தது. அந்த மண்ணில் தலைமுறையாக உழுதவர்களை யாரும் கலந்து பேசவில்லை. கூட்டில் விவசாயி என்ற தரப்பே கிடையாது.

ஒன்று விவசாயிக்குப் பங்கு கொடுத்தது, உரிமை கொடுக்கவில்லை. மற்றொன்று அவரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

சுவின்னர்ட்டன் திட்டம்

1952 அக்டோபரில் கென்யாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நிலம் பறிபோன கிக்குயு மக்களிடையே எழுந்த மௌ மௌ கிளர்ச்சியைப் படையைக் கொண்டு நசுக்கிக்கொண்டிருந்த அதே வேளையில், வேளாண் துறை அதிகாரி ரோஜர் சுவின்னர்ட்டன் 1954-ல் ஒரு திட்டம் எழுதினார். சிதறிக் கிடந்த துண்டு நிலங்களைச் சேர்த்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே இடத்தில் தனிப்பட்டா கொடுப்பது, அதில் காப்பியும் தேயிலையும் போன்ற பணப்பயிர் வைக்க விடுவது, அதற்கு அலுவலரும் கடனும் தருவது என்பவை அதன் சாரம். பிரிட்டன் 50 லட்சம் பவுன் ஒதுக்கியது. நிலமும் வருமானமும் உள்ள ஒரு வர்க்கம் உருவானால் கிளர்ச்சிக்கு ஆள் குறையும் என்ற அரசியல் கணக்கு இதில் ஒளிவுமறைவின்றி இருந்தது. கிளர்ச்சியின் பெயரால் தடுப்பு முகாம்களில் அடைபட்டிருந்தவர்கள் ஊரில் இல்லாத நேரத்திலேயே எல்லைக்கற்கள் நடப்பட்டன. பலர் திரும்பி வந்தபோது நிலம் இல்லை. கென்யத் தேயிலையின் வெற்றிக் கதையைச் சொல்பவர்கள் இந்தத் தொடக்கத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

கென்ய மலையின் அடிவாரத்தில் உள்ள நியேரி மாவட்டத்தில் 1950-களின் தொடக்கத்தில் சிறு விவசாயிகள் சோதனையாகத் தேயிலை நட்டிருந்தார்கள். 1957-ல் கராத்தினாவுக்கு அருகே ரகாத்தியில் அவர்களுக்கென்றே முதல் ஆலை திறக்கப்பட்டது. ஆலை நடப்பது நிச்சயமானதும் மற்ற மாவட்டங்களிலும் நாற்றுக்கு ஆள் வரத் தொடங்கினார்கள்.

கூட்டின் கட்டமைப்பு

1960-ல் அமைந்த சிறப்புப் பயிர் வளர்ச்சி ஆணையம், நாடு விடுதலை பெற்ற சில வாரங்களிலேயே, 1964 ஜனவரியில், கென்யத் தேயிலை வளர்ச்சி ஆணையமாகப் பெயர் மாறியது. அப்போது அதில் 19,000-க்கும் சற்று மேற்பட்ட விவசாயிகளும் ஏறத்தாழ 4,700 எக்டேர் தேயிலையும் இருந்தன. பணம் மூன்று பக்கங்களிலிருந்து வந்தது. பிரிட்டன் 1948-ல் தொடங்கிய காலனி வளர்ச்சிக் கழகம் முதலிலிருந்தே கடன் கொடுத்து வந்தது. பின்னாளில் அது காமன்வெல்த் வளர்ச்சிக் கழகம் ஆனது. 1964-லிருந்து உலக வங்கி சேர்ந்துகொண்டது. மேற்கு ஜெர்மனியும் கடன் தந்தது. இவற்றை அடைத்தவர் விவசாயி. அவர் கொடுக்கும் ஒவ்வொரு கிலோ கொழுந்தின் விலையிலும் ஒரு சிறு தொகை வரியாகப் பிடிக்கப்பட்டு கடனுக்கும் நிர்வாகச் செலவுக்கும் போனது.

தேயிலையின் இயல்பே இந்த ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்தது. மக்காச்சோளத்தை வீட்டில் சேர்த்து வைக்கலாம், பக்கத்து வீட்டுக்கு விற்கலாம், பசித்தால் தின்னலாம். தேயிலைக் கொழுந்தை அன்றைக்கே ஆலைக்குள் கொண்டுபோகாவிட்டால் அது குப்பை. ஆலை இல்லாத விவசாயிக்குச் செடி இருந்தும் பயனில்லை. கொழுந்து வராத ஆலைக்கு இயந்திரம் இருந்தும் பயனில்லை. கொழுந்து ஒரே வாசல் வழியாகத்தான் போகும் என்பதால் கடனை வசூலிப்பதும் எளிது. கடன் கொடுத்தவர்களுக்கு இது நிம்மதி. விவசாயிக்கோ ஆலையை நடத்துபவர் யார் என்பதே வாழ்வின் கேள்வியாகிவிடுகிறது.

எங்கே நடலாம் என்பதை ஆணையம் தீர்மானித்தது. உயரம், மழை, மண், சாலை, ஆலைக்கு உள்ள தூரம் எல்லாம் பார்த்துத்தான் அனுமதி. ஆணையம் வைத்த நாற்றங்காலிலிருந்து செடி கடனாகக் கிடைத்தது. முதலில் விதையிலிருந்து வளர்த்த வேர்க்கட்டைகளைக் கொடுத்தார்கள். 1960-களில் நல்ல தாய்ச்செடியின் ஒற்றையிலைத் துண்டை வேர்விடச் செய்யும் முறை பரவியதும் நடவு மலிவாகி வேகம் எடுத்தது. வேளாண் துறை அலுவலர்கள் ஆணையத்தின் செலவில் வந்து கவ்வாத்து வெட்டவும் பறிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். உரம் மொத்தமாக இறக்குமதியாகி 50 கிலோ மூட்டைகளில் கடனாக வீடு வந்தது. விவசாயிகள் தேர்ந்தெடுத்த குழுக்கள் ஊர் மட்டத்திலிருந்து ஆணையத்தின் மேல்சபை வரை இருந்தன. கடன் கொடுத்தவர்கள், கம்பெனிகள், அரசு அதிகாரிகள் நடுவே விவசாயியின் குரல் எத்தனை தூரம் எடுபட்டது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறியது. ஆனால் நாற்காலி இருந்தது. கெசீராவில் தொடக்கத்தில் அது இல்லை.

கொள்முதல் மையம்

இந்தக் கூட்டு நாள்தோறும் உயிர்பெறும் இடம் ஆலை அல்ல. மேடும் பள்ளமுமான கிராமச் சாலையோரத்தில் நிற்கும் தகரக்கூரைக் கொட்டகை. மலைநாட்டுத் தோட்டத்தார் மடுவம் என்பார்களே, ஏறத்தாழ அது. காலையிலிருந்து பறித்த கொழுந்தைக் கூடையில் முதுகில் சுமந்து பிற்பகலில் வந்து சேர்கிறார்கள். கூடையை நீண்ட மேசைமேல் கொட்டி, முற்றிய இலையையும் காம்பையும் அவர்களே பொறுக்கி ஒதுக்க வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் விதி. இலை எழுத்தர் கையை விட்டு அளைந்து பார்க்கிறார். சூடேறியிருந்தால், கசங்கியிருந்தால், முற்றல் கலந்திருந்தால் திருப்பி அனுப்புகிறார். பிறகு எடை. விவசாயியின் எண்ணுக்கு எதிரே கிலோ பதிவாகிச் சீட்டு கிடைக்கிறது. கொழுந்து காற்றோட்டமான பைகளில் லாரியில் தொங்கவிடப்பட்டு ஆலைக்குப் போகிறது. அங்கே அது வாடி, நறுங்கி, புளித்து, உலர்ந்து சி.டி.சி. (நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை) தூளாகிறது. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள்.

இந்தக் கண்டிப்புக்குப் பலன் கிடைத்தது. சிறு விவசாயியால் தரம் கெடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள் அல்லவா? ஏலத்தில் அவர்கள் தேயிலை பெருந்தோட்டத் தேயிலையைவிட நல்ல விலைக்குப் போனது. குடும்பத்தார் கையால் நுனிக்கொழுந்தாகப் பார்த்துப் பறித்ததும், மேசையில் நடந்த சோதனையும் அதற்குக் காரணம்.

பணம் இரண்டு தவணையாக வரும். மாதாமாதம் கிலோவுக்கு ஒரு நிர்ணயத் தொகை. ஆண்டுக் கணக்கு முடிந்ததும், ஆலை உண்மையில் என்ன விலைக்கு விற்றதோ அதில் செலவு போக மிஞ்சியது இறுதித் தவணையாகக் கிடைக்கும். ஊர்வழக்கில் அதை போனஸ் என்கிறார்கள். பள்ளிக் கட்டணம், கூரைத் தகடு, பசுமாடு எல்லாம் அந்தப் பணத்தை நம்பியே. ஏலம் 1956-ல் நைரோபியில் தொடங்கி 1969-ல் துறைமுக நகரான மொம்பாசாவுக்கு மாறியது. அங்கே விலை ஏறினால் நியேரியில் ஒரு வீட்டில் தெரியும், இறங்கினாலும் தெரியும். ஆப்பிரிக்காவின் பல அரசுச் சந்தை வாரியங்கள் உலக விலைக்கும் விவசாயிக்கும் நடுவே நின்று லாபத்தைத் தாங்களே வைத்துக்கொண்ட காலத்தில், இந்த நேரடித் தொடர்பு அரிதானது.

கம்பெனிகள் வந்ததும் போனதும்

தனியார் தரப்பின் வேலை தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது. ஒவ்வோர் ஆலையும் தனித்தனிக் கம்பெனியாகப் பதிவானது. அதை நடத்தித் தரும் முகவராக புரூக் பாண்ட், பின்லே, ஜார்ஜ் வில்லியம்சன், ஈஸ்டர்ன் புரொடியூஸ் போன்ற நிறுவனங்கள் அமர்த்தப்பட்டன. சில ஆலைகளில் பங்கும் வைத்திருந்தன. போட்டியாளரை வளர்த்துவிட அவர்கள் ஏன் முன்வந்தார்கள்? நிர்வாகக் கட்டணம் ஒரு காரணம். சுதந்திரம் நெருங்கிய நேரத்தில், ஆப்பிரிக்க விவசாயிக்கும் தேயிலையில் பங்கிருந்தால் தங்கள் கெரிச்சோ தோட்டங்களுக்கு ஆபத்து குறையும் என்பது பெரிய காரணம் என்றே தோன்றுகிறது.

முகவர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாததுதான் ஆணையம் செய்த மிகச் சரியான காரியம். கென்யர்கள் ஆலை மேலாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். 1970-களில் பொது மேலாளராக இருந்த சார்லஸ் கரஞ்சாவின் காலத்தில் ஆலை நிர்வாகம் படிப்படியாக ஆணையத்தின் கைக்கு வந்தது. உள்நாட்டு விற்பனைக்குப் பொட்டலமிடும் கெட்டெப்பா நிறுவனமும் அந்தப் பத்தாண்டில் அமைந்தது. கடன் அடைந்த ஆலைகளின் பங்குகள் அந்தந்த வட்டார விவசாயிகளுக்கு விற்கப்பட்டன. 1980 வாக்கில் விவசாயிகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. பரப்பு 50,000 எக்டேருக்கு மேல். 1980-களின் இறுதியில் சிறு விவசாயிகளின் உற்பத்தி பெருந்தோட்டங்களை முந்தியது.

விரிசல்

வளர்ச்சியோடு ஊழலும் அரசியலும் உள்ளே வந்தன. ஆணையத்தின் பதவிகள் ஆட்சியாளர்களின் கையிருப்பாயின. 1986-ல் காடுகளைச் சுற்றித் தேயிலை வேலி அமைக்கும் நயாயோ தேயிலை மண்டலத் திட்டத்தை அதிபர் டேனியல் அராப் மோய் தொடங்கினார். அதன் கொழுந்தும் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த ஆலைகளுக்கே போனது. செடி பெருகிய வேகத்தில் ஆலை பெருகவில்லை. மழைக்காலத்தில் சாலை சேறாகி லாரி வராமல் கொழுந்து கொட்டகையிலேயே வெந்து கறுத்தது. அன்று பறித்தவருக்கு அந்தக் கிலோ கணக்கில் ஏறாது. பணம் தாமதமானது. 1990-களில் விவசாயிகள் தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டு, பறிப்பை நிறுத்திப் போராடினார்கள். காவல்துறையோடு மோதல்கள் நடந்தன. சொந்த ஆலை என்று பத்திரம் சொல்கிறது, கணக்கைக் கேட்டால் அடி விழுகிறது என்ற நிலை. 1999-ல் அரசு கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டு, 2000 ஜூனில் ஆணையத்தைத் தனியார் நிறுவனமாக மாற்றியது.

தனியார்மயம் என்றதும் வெளிநாட்டுக் கம்பெனி வாங்கியது என்று நினைக்கத் தோன்றும். இங்கே நடந்தது வேறு. ஆலைக் கம்பெனிகளின் பங்குதாரர்கள் விவசாயிகள், கே.டி.டி.ஏ.வின் பங்குதாரர்கள் அந்த ஆலைக் கம்பெனிகள். அரசு விலகியது. காகிதத்தில் இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது. நடைமுறையில் ஒரு சுழல் உருவானது. ஆலைகளின் ஊழியனாக இருக்க வேண்டிய நிர்வாக முகவர், ஆலைகளின் கணக்கையும் வங்கியையும் விற்பனையையும் கையில் வைத்திருந்ததால் எஜமானன் போலானது. கே.டி.டி.ஏ.வின் கீழ் தேயிலை வணிகம், காப்பீட்டுத் தரகு, சிறுகடன், இயந்திரத் தயாரிப்பு, சிறு நீர்மின் திட்டங்கள் எனத் துணை நிறுவனங்கள் முளைத்தன. ஆலைகள் இவற்றிடமே சேவை வாங்கின. சேவையின் விலையை யார் பேரம் பேசுவது? இரு பக்கமும் ஒரே மேசை. கொழுந்துக்குக் கைமேல் காசு கொடுக்கும் இடைத்தரகர்களிடம் பல விவசாயிகள் போகத் தொடங்கியதற்கு இந்த நம்பிக்கைக் குறைவும் காரணம்.

2020 டிசம்பரில் அதிபர் உஹுரு கென்யாட்டா கையெழுத்திட்ட தேயிலைச் சட்டம் இதை உடைக்க முயன்றது. நிர்வாகக் கட்டணம் நிகர விற்பனையில் 1.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. கொழுந்துக்கான பணத்தில் பாதியையாவது மாதந்தோறும் கொடுத்துவிட வேண்டும் என்றது. 2021-ல் இயக்குநர்கள் மாற்றப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் கிலோவுக்கு 2.43 டாலருக்குக் கீழே ஏலத்தில் விற்பதில்லை என்று குறைந்தபட்ச விலை வைத்தார்கள். நோக்கம் நல்லதுதான். விளைவு வேறாக அமைந்தது. வாங்குவோர் தரம் குறைந்த தேயிலையை ஒதுக்கினார்கள். மொம்பாசா கிடங்குகளில் மூட்டைகள் தேங்கின. பின்னர் அந்த விலைக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது.

பெண்களின் கணக்கு

கே.டி.டி.ஏ.வின் ஆவணங்களில் விவசாயி என்பவர் ஓர் எண். அந்த எண் நிலப்பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் வரும், பெரும்பாலும் ஆண். குனிந்து பறித்து முதுகில் சுமந்து வருபவர் பெரும்பாலும் பெண். போனஸ் கணவர் கணக்கில் விழும். இந்த வழக்கம் தேயிலை மாவட்டங்களில் எத்தனையோ வீட்டுச் சண்டைகளுக்குக் காரணமானது. சில வீடுகளில் பெண்கள் பறிக்கவே மறுத்து, தம் கையில் காசு தரும் காய்கறிக்கும் பாலுக்கும் நேரத்தைத் திருப்பினார்கள். சுவின்னர்ட்டன் காலத்துத் தனிப்பட்டா முறை, குடும்பத்தின் பொது அனுபவத்தில் இருந்த நிலத்தை ஓர் ஆணின் சொத்தாக எழுதியதன் தொடர்ச்சி இது. கூட்டு ஒப்பந்தங்களை ஆராய்ந்தவர்கள் அரசு, கம்பெனி, வங்கி, விவசாயி என்று நாலு தரப்பு எண்ணினார்கள். வீட்டுக்குள் இருந்த ஐந்தாவது தரப்பை எண்ணத் தாமதமானது.

பிற திட்டங்களோடு ஒப்பீடு

கென்யாவுக்குள்ளேயே எதிர்மாதிரி உண்டு. மேற்குக் கென்யாவின் மும்மியாஸ் சர்க்கரை ஆலை 1971-ல் அரசின் பெரும்பங்கோடும் காமன்வெல்த் வளர்ச்சிக் கழகத்தின் முதலீட்டோடும் தொடங்கியது. புக்கர் மெக்கானல் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் நிர்வாகம் செய்தது. நடுவில் ஆலையின் சொந்தக் கரும்புத் தோட்டம், சுற்றிலும் ஒப்பந்த விவசாயிகள். நெடுங்காலம் நன்றாக நடந்தது, கே.டி.டி.ஏ.வோடு சேர்த்தே புகழப்பட்டது. 2001-ல் பங்குச்சந்தைக்குப் போனது. பின்பு நிர்வாகச் சீர்கேட்டிலும் கடனிலும் மூழ்கி 2019-ல் கடன் கொடுத்தவர்கள் நியமித்த பொறுப்பாளர் கைக்குச் சென்றது. கரும்பு கொடுத்தவர்களுக்குப் பாக்கி நின்றது. அவர்கள் பங்குதாரர்களாக அல்ல, வெறும் சரக்குக் கொடுத்தவர்களாகவே வரிசையில் நின்றார்கள்.

இந்த நூற்றாண்டில் அரசு–தனியார் கூட்டு என்ற சொல்லே கண்டமெங்கும் கொள்கை முழக்கமாயிற்று. 2010-ல் தான்சானியா தன் தெற்கு வேளாண் வளர்ச்சி வழித்தடத்தை அறிவித்தது. உரம், விதை, உணவுத் துறைகளின் பன்னாட்டு நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. அந்த வட்டாரத்தின் கிலொம்பெரோ பள்ளத்தாக்கில் முன்மாதிரியாகக் காட்டப்பட்ட பெரிய நெல் பண்ணை 2019-ல் கடனைக் கட்ட முடியாத நிலைக்கு வந்தது. 2012-ல் ஜி-8 நாடுகள் உணவுப் பாதுகாப்புக்கான புதிய கூட்டணியைத் தொடங்கி, பத்தாண்டில் ஐந்து கோடி பேரை வறுமையிலிருந்து மீட்பதாகக் கூறின. எத்தியோப்பியா, கானா, தான்சானியாவில் தொடங்கிப் பத்து நாடுகள் சேர்ந்தன. நிலம், விதைச் சட்டங்களைத் திருத்துவதாக அரசுகளும், முதலீடு செய்வதாகக் கம்பெனிகளும் எழுதிக் கொடுத்தன. 2016-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் இதைக் கடுமையாக விமர்சித்தது. 2018-ல் பிரான்ஸ் விலகியது.

புதிய திட்டங்கள் கே.டி.டி.ஏ.விடமிருந்து ஒப்பந்த விவசாயம், கடனில் உரம், தரக் கட்டுப்பாடு ஆகியவற்றை எடுத்துக்கொண்டன. ஆலைப் பங்கை விவசாயிக்கு மாற்றும் காலக்கெடுவையும், கம்பெனி எப்போது வெளியேறும் என்பதையும் பெரும்பாலும் விட்டுவிட்டன. எடுத்துக்கொண்டவை விளைச்சலைப் பெருக்கும் பகுதிகள். விடப்பட்டவை பணம் யாரிடம் தங்கும் என்பதைத் தீர்மானிக்கும் பகுதிகள்.

இன்றைய நிலை

கே.டி.டி.ஏ. எல்லா விவசாயிக்கும் ஒரே விலை தரும் அமைப்பு அல்ல. ஒவ்வோர் ஆலையும் தன் தேயிலைக்கு ஏலத்தில் கிடைத்ததையே பகிர்கிறது. பிளவுப் பள்ளத்தாக்கின் கிழக்கே கென்ய மலைச் சரிவுகளில் விளையும் தேயிலைக்கு நல்ல கிராக்கி. மேற்கே கெரிச்சோ, போமெட், கிசீ, நியாமிரா பக்கத்து விவசாயிகளுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காத ஆண்டுகள் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் போனஸ் அறிவிப்பு வரும்போது மேற்கில் கோபம் வெடிக்கிறது. முகமையைப் பிரித்துத் தனி நிர்வாகம் கேட்கும் பேச்சும் எழுந்திருக்கிறது. விலையைக் கூட்ட, சி.டி.சி.யை மட்டும் நம்பாமல் பழைய சுருளிலை முறையில் தயாரிக்கும் இயந்திரங்களைச் சில ஆலைகள் நிறுவியுள்ளன. வாங்குவோரில் பாகிஸ்தான் முதலிடத்திலும் எகிப்து அடுத்த வரிசையிலும் இருப்பதால், அந்த நாடுகளின் நாணயம் சரியும்போதெல்லாம் மொம்பாசா ஏலமும் ஆடுகிறது.

ஆலை இயக்குநர் தேர்தலில் பங்கின் அளவுப்படி வாக்கா, ஆளுக்கு ஒரு வாக்கா என்ற சர்ச்சையும் நீதிமன்றம் வரை போனது. அதிகக் கொழுந்து கொடுப்பவருக்கு அதிகச் சொல் வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. முந்நூறு செடி வைத்திருப்பவரும் அதே கடனைத்தான் அடைத்தார் என்கிறது மறு தரப்பு.